கொழுத்தவற்றைப் பொறுக்கியவள்

ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவள் ‘ஈஸ்ட் அக்கா’. எலிக்கு ஈஸ்ட் நுண்ணுயிரை ஊட்டுவாள். அதன் புழுக்கையைக் கரைத்துச் சர்க்கரை கலந்த கூழ்த் தட்டில் பரப்புவாள். தட்டில் ஈஸ்ட் வெள்ளைப் புள்ளிகளாக முளைக்கும்; அவற்றில் சிலவற்றை எடுத்து அடுத்த எலிக்கு ஊட்டுவாள். குடலில் வாழ்ந்து வாழ்ந்து ஈஸ்ட் தன் சாப்பாட்டு முறையை மாற்றிக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காக ஆண்டு முழுவதும் இதே வேலை. நின்று நின்று முழங்கால் இற்றுப்போயிருந்தது. ஆய்வு முடிந்ததும் கீழ்த்தளக் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாக ஆய்வை நடத்தும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த நாற்காலியை நினைத்துத்தான் தினமும் படியேறினாள்.

எலிக்கூண்டு கழுவுபவர் சீண்டுவார்: “என்னக்கா, உங்க பிள்ளைங்க இன்னிக்கு என்ன சாப்பிட்டாங்க?”

“உன் பிள்ளைங்க மிச்சம் வச்சதைத்தான். வாயைக் கிளறாம கூண்டைக் கழுவு.”

முடிவு வந்த அன்று டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஒண்ணும் மாறலம்மா. சர்க்கரையைப் பார்த்தா பழையபடியே பாயுது. இதோட மூடிடலாம். நீங்க திங்கக்கிழமையே கீழ போயிடுங்க.”

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“மாறியிருந்தா எப்படி இருக்கும் மேடம்?” பேச்சுக்குத்தான் கேட்டாள்.

“குடல்ல சர்க்கரையை மத்த கிருமிங்க முந்திக்கும். அதுங்க கழிச்சுப்போட்ட அமிலத்தைத் தின்னு பழகணும். அப்படிப் பழகினது நம்ம சர்க்கரைத் தட்டுல நோஞ்சானாத்தான் வரும். கடுகாட்டம்.”

அவளுக்குத் திக்கென்றது. கடுகளவுப் புள்ளிகள் ஒவ்வொரு தட்டிலும் வந்திருந்தன. ஓரமாக, சோகை பிடித்தாற்போல. சீக்காளியை அடுத்த எலிக்குக் கொடுப்பானேன் என்று, கத்தரிக்காய் பொறுக்குகிறவளைப் போலக் கொழுத்தவற்றையே எடுத்திருந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகச் செய்தது.

வாயைத் திறக்காவிட்டால் நாற்காலி. கதவுவரை போய்விட்டாள். கைப்பிடியைத் தொட்டவள் திரும்பினாள்.

“மேடம், சின்னதெல்லாம் வந்துச்சு. நான்தான் தள்ளிட்டேன். பெருசாப் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.”

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “எல்லாச் சுத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

“முதல் சுத்துப் புழுக்கை இருக்கா?”

“ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு.”

“அப்போ அங்கேர்ந்து ஆரம்பிக்கணும். உங்களால முடியாதும்மா. வேற ஆளைப் பார்க்கட்டுமா?”

“புது ஆளும் கொழுத்ததைத்தான் எடுக்கும் மேடம். நானே பார்த்துக்கறேன்.”

ஃப்ரீசரைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. பெட்டிகள் பனியில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அடியில் கிடந்ததை எடுக்க, மேலிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பெயர்க்கத் தொடங்கினாள்.