காலிப் பெட்டிக்கு மூன்று கொட்டேஷன்

பம்பாய் மாட்டுங்காவில் அந்த நாட்களில் மூன்று கொட்டேஷன் வாங்காமல் காற்றுகூட வீசாது. எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மின்விசிறி வாங்கியதே அப்படித்தான். குறைந்த விலைக்காரன் கொடுத்த விசிறி, சுற்றியதைவிடப் புலம்பியதுதான் அதிகம்.

எண்பதுகள் முடிந்துகொண்டிருந்தன. இன்ஸ்டிட்யூட்டை நடத்தியது ஒரு சங்கத்தின் கமிட்டி. கமிட்டி முழுக்க ரிட்டயரான ஆபீசர்கள். நான் தாராவியிலிருந்து தினமும் ரயில் பாலம் தாண்டி வரும் டீச்சர். தகரக் கூரையில் மழை இறங்குவதுபோல் மெஷின்கள் தடதடக்கும் அந்த அறை எனக்குப் பிடிக்கும். மழைதான் குறைந்துகொண்டே வந்தது. செம்பூரில் கம்ப்யூட்டர் கிளாஸ் திறந்துவிட்டார்கள்.

என் தெருப் பெண் ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள்: “யக்கா, கோவிச்சுக்கிடாதீய. மாப்பிள்ளை வீட்டுலயே கம்ப்யூட்டர் தெரியுமான்னுதான் கேக்காவ. நான் இந்த மிஷினைக் கட்டிக்கிட்டு அழவா?”

ஜூன் அட்மிஷனுக்குள் கம்ப்யூட்டர் வராவிட்டால் இன்ஸ்டிட்யூட்டை மூடிவிடுவதாகச் செயலாளர் அறிவித்தார். மூடினால் அவருக்குச் சாயங்காலங்கள் மிச்சம். எனக்கு வேலை போகும். என் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்தச் சம்பளத்தில்தான்.

கொட்டேஷன்கள் வந்தன. ஒருவன் டாஸ் போட்ட கம்ப்யூட்டருக்கு விலை சொன்னான். இன்னொருவன் யுனிக்ஸ் போட்டது என்று ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டான். மூன்றாமவன் வெறும் மெஷினுக்கு மட்டும் எழுதியிருந்தான். உள்ளே போடுவது தனி விலையாம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் டைப் அடித்துக் கொடுத்தேன். ஆடிட் ஆபீசில் தலை நரைத்த பொருளாளர் அதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

“என்னம்மா இது! ஒருத்தன் டாஸ்ங்கறான், ஒருத்தன் யுனிக்ஸ்ங்கறான். வேற வேற சாமானை எப்படி கம்பேர் பண்றது? அப்ஜெக்ஷன் வருமே!”

“அந்த ரெண்டையும் அடிச்சுடுங்கோ” என்றார் செயலாளர். “பெட்டி, ஸ்கிரீன், கீபோர்டு எல்லார்கிட்டயும் இருக்கு. அதுக்கு மட்டும் விலை கேப்போம். சமமா இருக்கும்.”

“டாஸ், யுனிக்ஸ்னு போட்டிருக்கானே, இந்த ஆபரேட்டிங் சிஸ்டம்ங்கறது என்னவாக்கும்?” என்று ஒருவர் இழுத்தார்.

“ஆபரேட் பண்ணத்தான் டீச்சர் இருக்காளே!” என்றார் செயலாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது என்னவென்று தெரியாது. நானும் சிரித்தேன்.

ஒப்பிட முடியாததை அடித்துவிட்ட பிறகு மிச்சம் அழகாக ஒப்பிட வந்தது. வெறும் மெஷின்காரனே ஜெயித்தான். பெட்டி வந்து இறங்கியது. ஸ்கிரீனுக்குச் சந்தனம், குங்குமம். வாசலில் தேங்காய். செயலாளர் சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி இங்கிலீஷில் எழுந்து, சிஸ்டம் டிஸ்க்கைப் போடச் சொல்லி நின்றது.

“ஆஹா, பேசறது பாருங்கோ!” என்று கை தட்டினார் பொருளாளர்.

மெஷினைக் கொண்டுவந்த கடைக்காரன் சிரித்தான். “சாப், ஆப்னே காலி டப்பா லியா. டாஸ் கஹாங் ஹை?” நாங்கள் வாங்கியது காலி டப்பாதானாம், டாஸ் எங்கே என்கிறான். பையிலிருந்து டாஸ் இருக்கும் ஒரு ஃப்ளாப்பியை உருவினான். தானே போட்டுத் தருகிறானாம், பைசா வேண்டாமாம். பம்பாயில் பாதி கம்ப்யூட்டர் அப்படித்தான் ஓடுகிறதாம். எனக்கு மூச்சு வந்தது. ஜூன் பிறக்க இன்னும் சில நாள் இருந்தது.

“பில் குடுப்பானா?” என்றார் பொருளாளர்.

“சும்மா குடுக்கதுக்கு எப்படி சார் பில்லு?” என்றேன்.

“அப்ப கணக்குல எந்த ஹெட்ல எழுதறது? அதுவும் ஒரே ஆள்கிட்டேர்ந்து! இன்னும் ரெண்டு பேர் சும்மா குடுக்கறாளான்னு விசாரிக்க வேண்டாமா?”

கேலி இல்லை. சத்தியமாகத்தான் கேட்டார். நேர்மை சிலருக்கு ஜலதோஷம் மாதிரி. மூக்கு அவர்களுக்கு அடைக்கும். தூக்கம் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போகும்.

ஃப்ளாப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டாஸ் வாங்க ஒரு சப்-கமிட்டி அமைத்தார்கள். மறுபடி கொட்டேஷன் கேட்டுக் கடிதங்கள் போயின. டாஸ்காரன், மெஷினோடுதான் விற்பேன் என்றான். யுனிக்ஸ்காரன் பதிலே போடவில்லை. மழை பிடித்துக்கொண்டது. சேர வந்த பெண்கள் குடையை மடக்கிக்கொண்டு, “டீச்சர், கம்ப்யூட்டரைப் போடுங்களேன்” என்று ஆசையாகக் கேட்டார்கள். போட்டேன். அது தன் ஒரே வரியைச் சொன்னது. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சப்-கமிட்டியின் அடுத்த கூட்டத்துக்கு நான் நிற்கவில்லை. செம்பூருக்கு பஸ் ஏறினேன். கிளாஸ் நடத்தியவன் என்னைவிடச் சின்னவன். டாஸ் தெரியுமா என்று ஹிந்தியில் கேட்டான். தெரியாது, கீபோர்டில் கை வைக்கச் சொல்லித்தருவேன் என்றேன். இங்கே வருகிறவர்கள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடியே நேரத்தைத் தின்கிறார்கள், நாளைக்கே வேலைக்கு வாருங்கள் என்றான்.

“இங்க கமிட்டி எதுவும் உண்டா?” என்று கேட்டேன்.

“கமிட்டி? மை அகேலா ஹூம்.” அவன் ஒற்றை ஆள்தானாம்.

நாளை வரைக்கும் எதற்கு? அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.