தெரிந்த முகம் என்று விட்டது

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. போதாததற்கு, சிகிச்சைக்குப் பிறகு மறதி வேறு. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்று கலந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் ஒரு பட்டாசு ஆபிஸில் வேலை பார்த்தேன். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபிஸ் என்றுதான் சொல்வோம். கேட்டில் நின்று பெண்களைச் சோதனை போடுகிற வேலை. கொண்டையைத் தடவி, இடுப்பைத் தடவி, தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். தீக்குச்சி, செல்போன் எதுவும் போகக் கூடாது. வெடிமருந்து ரூம் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும்.

எனக்குக் கூச்சம் அதிகம். புது முகம் என்றால் ஒழுங்காகத் தடவுவேன். தெரிந்த முகம் என்றால் முதுகில் லேசாகத் தட்டிவிட்டு "போங்க" என்று விட்டுவிடுவேன். என் அடுத்த வீட்டுக்காரியை அப்படித்தான் ஒன்பது வருஷம் விட்டேன். அவள் என்னை மதினி என்று கூப்பிடுவாள். ஒரு சீசன் நேரம், திரி வைக்கிற ரூமுக்குள் அவள் மடியில் போன் அடித்தது. மகளுக்குப் பிரசவ வலி, சேதி வரும் என்று மறைத்து எடுத்துப்போயிருக்கிறாள். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"இவங்களத் தடவிப் பாத்தீகளா, இல்லையா?"

"தெரிஞ்ச பிள்ளதான..."

"அது உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளைன்னு மருந்துக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்வி எனக்குள் கிடந்துகொண்டே இருந்தது.

பிறகு சில வருஷம் கழித்து, குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. அதையும் சும்மா விட்டேன். மதுரையில் டாக்டரம்மா முன்னால் போய் உட்காரும்போது அது நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. புற்று என்றார்கள். என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டுவிட்டு, டாக்டரம்மா என் வேலையை வைத்தே சொன்னார்.

"உங்க ரத்தத்துலயும் கேட்ல நிக்கிறவங்க இருக்காங்கம்மா. வெள்ளை அணுல ஒரு வகை. ஒவ்வொரு செல்லா தொட்டுப் பாத்துக்கிட்டே போகும். வெளியில இருந்து வந்த கிருமின்னா பிடிச்சிரும்."

"அப்ப இதை ஏன் பிடிக்கல?"

"இது வெளியில இருந்து வரலையே. உங்க உடம்புலயே பிறந்து கெட்டுப்போன செல். அதுவும் விவரமானது. தொட வர்ற காவல்காரன் கையப் பிடிச்சு, நான் நம்ம ஆளுதான்னு ஒரு அமுக்கு அமுக்கும். அவன் விட்டுருவான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நானும் அப்படி விட்டவள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கட்டியைச் சுருக்குகிற மருந்தோடு இன்னொரு மருந்தும் பாட்டிலில் ஏற்றினார்கள். அந்தக் கை அமுக்கலைத் தடுக்கிற மருந்து. அது கட்டியை நேராக அடிக்காதாம். காவல்காரர்களை அவிழ்த்துவிடும், அவர்கள்தான் அடிக்க வேண்டும். ஆராய்ச்சியில் சேர்த்து இலவசமாகக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். "அவுத்து விட்டவன் சில நேரம் நல்ல ஆளையும் அடிச்சிருவான். வயித்தால போனா, மூச்சு வாங்குனா, மேல் தடிச்சா அன்னைக்கே போன் பண்ணணும்." சரி சரி என்று தலையாட்டினேன்.

மூன்றாவது பாட்டிலா நான்காவதா, நினைவில்லை. ஊருக்கு வந்த பிறகு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினால் ஒரு ஆம்பளைப் பையன்தான் எடுப்பான். அவனிடம் இதை எந்த வாயால் சொல்வது? முந்தின நாள் தின்ற காராச்சேவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயிற்றுப்போக்குதானே, எத்தனையோ தடவை பார்த்த முகம். மாதுளந்தோலை அவித்துக் குடித்தேன். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் மத்தியானம் அடுத்த வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவந்தாள்.

"மதினி, நான் வந்து உக்காந்ததுல இருந்து மூணு தடவை எந்திரிச்சுட்டீக."

"சேவு தின்னேன்."

"எம்புட்டு? மூட்டையோடயா?"

சிரிக்கப் போனேன், வயிறு முறுக்கிக்கொண்டது. அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். நான் அலசிப் போட்டிருந்த சேலையை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதில் ரத்தக் கறை போகாமல் இருந்தது. திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"எத்தனை நாளா?"

"நேத்து."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"மூணு நாளு."

"ஆபிஸ்ல என் போன் அடிச்ச மறுநாள்ல இருந்து கேட்ல என் கொண்டை ஊசி வரைக்கும் உருவிப் பாத்தீகளே, நான் கோவிச்சேனா? நம்பரை எடுங்க."

எடுத்தது பையன்தான். அவள் எல்லாவற்றையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். உடனே கிளம்புங்கள் என்றான். கார் பிடித்துப் போகிற வழியில் நான்கு இடத்தில் நிறுத்தினோம். விருதுநகர் தாண்டியதும் எனக்குக் கண் இருட்டியது. அவள் என் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை தெரியாது.

காவல்காரர்கள் குடலை அடித்துவிட்டார்களாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கக்கூடும் என்றார் டாக்டரம்மா. அவர்களை அடக்கி உட்கார வைக்க வேறு மருந்து கொடுத்தார்கள். அந்தப் பாட்டில் இனி கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். பிழைத்துவிட்டேன். ஆனால் பயம் கூடிவிட்டது. காவல்காரர்களை உட்கார வைத்தாயிற்றே, கட்டியை யார் பார்ப்பார்கள்?

வயிறு ஆறிய பிறகு ஆபரேஷன் செய்தார்கள். எடுத்த சதையைச் சோதித்த ரிப்போர்ட் வர நாளாயிற்று. ரிப்போர்ட் வந்த அன்று டாக்டரம்மா முன்னால் அவள்தான் என் கையைப் பிடித்திருந்தாள்.

"கட்டி இருந்த இடத்துல கொஞ்சூண்டுதான் மிச்சம் இருந்துச்சு. அதைச் சுத்தி உங்க காவல்காரங்க கூட்டமா நின்னிருக்காங்க."

"அப்ப இனி வராதா?"

"வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டணும்."

போய்க் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். போகிற நாளில் அடுத்த வீட்டுக்காரி வாசலில் வந்து நின்று, காலையில் இருந்து என்னென்ன செய்தது, எத்தனை தடவை போனது என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏற்றுகிறாள்.

டாக்டரம்மா சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதியிருக்கிறேன். வெள்ளை அணு, கை அமுக்கல், பாட்டில் கணக்கு, எதில் பிசகு இருக்கிறதோ தெரியாது. விவரம் தெரிந்த யாராவது ஒரு தடவை சரிபார்த்துக் கொடுங்கள். கிழவி பாவம், தெரிந்தவள்தானே என்று தட்டி அனுப்பிவிட வேண்டாம்.