பம்புக்குப் பின்னால் போன கை

சபையாரே, நான் சொல்லப்போவது முழுக்க இனிப்பான சாட்சி அல்ல. பொறுத்துக் கேளுங்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த வருஷம். புரட்டாசி மாதம். நான் ஏழு மாத கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்து கல்வராயன் மலையில் அம்மா வீட்டில் இருந்தேன். மூன்று வயது மகன் சாமுவேல் என்னோடு இருந்தான். பஸ் நின்றுபோனதால், மரவள்ளி ஏற்றும் எங்கள் பழைய லாரியை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் எங்களை அழைத்துப்போக வந்தார்.

அன்று மத்தியானம் பையனைச் செந்தேள் கொட்டியது. வாந்தி எடுத்தான். உடம்பெல்லாம் வியர்வை, கை கால் சில்லிட்டுப் போனது. அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி இறக்கத்தில் இஞ்சின் அணைந்துவிட்டது.

டீசல் பம்புக்குப் பின்னால் இருக்கிற போல்ட்டில் செம்பு வாஷர் தேய்ந்து, டீசல் போகிற வழியில் காற்று புகுந்திருந்தது. போல்ட்டை ஸ்பேனர் விட்டுக் கழற்றிவிட்டார், புது வாஷரும் கையில் இருந்தது. ஆனால் திரும்ப மாட்ட அந்த இடத்துக்கு அவர் கை போகவில்லை. மணிக்கட்டோடு நின்றது. தோல் உரிந்ததுதான் மிச்சம். ரோட்டில் ஒரு வண்டி இல்லை, மெக்கானிக்குக்கு எங்கே போவது? என் மடியில் பையனுக்கு மூச்சு வாங்கியது.

"கை உள்ள பூரமாட்டேங்குது," என்று சொல்லி அழுதார்.

"என் கைய வுட்டுப் பாக்கட்டுமா?"

"இந்த வயித்த வச்சிக்கினு எப்பிடி குனிவ?"

பையனை அவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். என் கை போனது, வளையல் இடித்தது. வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கும் வரை கழற்றக் கூடாது என்பார்கள். கழற்றவும் வராது, கை வீங்கியிருந்தது. அவர் வளையலைப் பார்த்தார். இரண்டு கையையும் மட்கார்டில் அடித்து எல்லாவற்றையும் உடைத்தேன்.

"வாஷருல கிரீஸ தடவிக்க. கீழ வுழுந்தா அவ்ளோதான்."

உள்ளே ஒன்றும் தெரியாது, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். இஞ்சின் சூட்டில் முழங்கை வெந்தது. 'கர்த்தாவே, இந்த போல்ட்டு பிடிக்கட்டும், என் பிள்ளை சாகக் கூடாது' என்று மட்டும் கேட்டேன். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை மரை பிடித்தது. ஸ்பேனரை வாங்கி நானே முறுக்கினேன். அவர் கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்தார். வண்டி உயிர் பிடித்தது.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் மரம் போட்டிருந்தவர்கள் பையனைப் பார்த்ததும் கிளையை இழுத்து வழிவிட்டார்கள். அவர்கள் நல்லா இருக்கட்டும். சாமுவேல் பிழைத்தான். இன்றைக்கு அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

அடுத்த மாதம் எனக்குப் பெண் குழந்தை செத்துப் பிறந்தது.

"வளையல ஒடச்சியே, அதான்," என்றாள் மாமியார். அவளை விடுங்கள். சகுனம் பார்க்காதவர்கள் என்று பெயர் வாங்கிய நம் சபைச் சகோதரிகளும் அதையேதான் சொன்னார்கள், ஜெபக் கூட்டத்திலேயே. கூட இருந்து எல்லாவற்றையும் பார்த்த என் வீட்டுக்காரர் சாகும் வரைக்கும் எனக்காக வாய் திறக்கவில்லை. அது இன்னும் எனக்கு எரிகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு வளைகாப்புக்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

கண்ணாடி வளையலுக்காகக் குழந்தையைப் பறிக்கிறவர் அல்ல நம் கர்த்தர். அப்படிப்பட்டவராக இருந்தால் எனக்கு அவர் வேண்டாம். நான் கேட்டதைக் கொடுத்தார், அதற்கு ஸ்தோத்திரம். வயிற்றில் இருந்ததற்காக ஒரு வார்த்தை கேட்க அன்று எனக்கு நேரமில்லை. கேட்காமலே கொடுத்திருக்கலாமே என்று அவரிடம் தினமும் சண்டை போடுகிறேன்.

முன்பெல்லாம் ஜெபத்தில் நல்ல பிள்ளையாக நடிப்பேன். இப்போது மனதில் இருப்பதைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது அவர்மேல் கோபம் இருந்தால், அதற்காகச் சபைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். கோபத்தோடேயே வாருங்கள். நான் அப்படித்தான் வருகிறேன், அவர் இன்னும் என்னைத் துரத்தவில்லை.