என் மகளோடுதான் வருவேன்

ஆண்டவரை நேசிக்கிற என் சகோதர சகோதரிகளுக்கு, மந்தைவெளியிலிருந்து மெர்சி எழுதுகிறேன். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் டேவிட், வடபழனிப் பக்கம் சினிமா ஸ்டூடியோக்களில் லைட்மேன். எங்களுக்கு ஒரே மகள், ஜெமிமா. பதினோரு வயது. அவளுக்கு ஆட்டிசம். பேச மாட்டாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சாட்சியின் முடிவில் அவள் பேசப் போவதில்லை. அதை எதிர்பார்த்து வாசிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

ஜெமி சந்தோஷமாக இருந்தால் மூக்கால் ஒரே ராகத்தை இழுத்துக்கொண்டே இருப்பாள். கைகளை உதறுவாள். தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். குழாயைத் திறந்துவிட்டு அந்த ஓட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தலையைத் தொட்டால் மட்டும் தாங்க மாட்டாள். தினமும் தலை வாரிவிடுவது எங்கள் வீட்டில் ஒரு போராட்டம்.

அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, என் பிள்ளையைப் பேச வையுங்க." உபவாசம் இருந்தேன். எங்கே விசேஷக் கூட்டம் என்றாலும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முழங்காலில் நின்றால் இந்த ஒரு விண்ணப்பம்தான் வரும். அதைச் சொல்லி முடித்த பிறகு அவரிடம் பேச என்னிடம் எதுவும் இருக்காது. கலெக்டர் ஆபீசில் மனுவோடு வரிசையில் நிற்கிறவளைப் போல எழுந்து வந்துவிடுவேன். அவரோடு நெருங்கி இருக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

போன வருஷம் கோடைக்காலத்தில் எங்கள் சபையில் ஓர் உபவாச ஜெபம். ஆழ்வார்பேட்டையில், ஒரு கடைக்கு மேலே மாடி ஹாலில் கூடுகிற சிறிய சபை எங்களுடையது. அன்று பிரசங்கிக்க வெளியூரிலிருந்து ஒரு தேவ ஊழியர் வந்திருந்தார். என்னையும் ஜெமியையும் முன்னால் அழைத்தார். நம்பிக்கையோடுதான் போனேன்.

அவர் ஜெமியின் தலைமேல் கையை வைத்தார். அவள் அலறினாள். அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் தோளைப் பிடித்து அழுத்தினார். அசுத்த ஆவி அலறுகிறது, எல்லோரும் சத்தமாகத் துதியுங்கள் என்று மைக்கில் சொன்னார். ஹால் முழுவதும் இரைச்சல். பயம் தாங்காதபோது ஜெமி தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். அன்றும் கடித்தாள். பல் பதிந்த இடத்தில் இரத்தம் கட்டிச் சிவந்ததைப் பார்த்தேன்.

"கையை எடுங்க," என்றேன்.

தாயே பிள்ளையின் விடுதலைக்குத் தடையாக நிற்கிறாள் என்று அவர் சபையைப் பார்த்துச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து விலக்கினேன்.

"இது பிசாசு இல்லைங்க. இது என் பொண்ணு. பயந்துட்டா, அவ்வளவுதான்."

மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. எங்கள் பாஸ்டர் ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் ஜெமியின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளை அணைத்தபடி படியிறங்கினேன்.

அதற்குப் பிறகு போன்மேல் போன். வந்த ஆசீர்வாதத்தை நானே கெடுத்துக்கொண்டேனாம். ஊழியரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இனி அந்தப் பிள்ளை பேசாவிட்டால் அது உன் அவிசுவாசத்தால்தான் என்று கூசாமல் சொன்னார் ஒரு சகோதரி. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்க மாட்டேன்.

ஆனால் வீட்டுக்குள் நான் உடைந்து போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை வரும். நல்ல சேலை அலமாரியிலேயே இருக்கும். போக இடம் இல்லை. மனுஷர்கள் என்னைத் தள்ளியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஆண்டவரும் அவர்கள் பக்கம் போய்விட்டாரோ என்ற எண்ணம்தான் என்னை அரித்தது. ஒரு நாள் இதை டேவிட்டிடம் சொல்லி அழுதேன். அவர் சபைக்கு அதிகம் வராதவர். ஷூட்டிங் முடிந்து வந்த களைப்பில் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சபைக்குப் போவலன்னா ஆண்டவர் ஓடியா போயிடுவாரு? சந்தேகம்னா நேரா அவராண்டயே கேளேன். ஊர்ல இருக்கறவங்களாண்ட ஏன் கேக்கற?"

கேட்டேன். மறுநாள் காலை சமையல் வேலையைத் தொடங்குவதற்கு முன் அடுப்படித் தரையில் உட்கார்ந்து கேட்டேன். அது ஜெபமே அல்ல, சண்டை. "நீங்களும் அவங்க பக்கம்தானா? என் பிள்ளையை இப்படிப் படைச்சது யாரு? அவளைப் பிடிக்கலைன்னா என்னையும் விட்டுடுங்க." வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். பல நாட்கள் இப்படியே போனது. பிறகு ஒரு காலையில், சண்டை போடவும் எதுவும் மிஞ்சவில்லை. அப்போது ஒன்று சொன்னேன். "இனிமே அவளுக்குப் பேச்சு வேணும்னு கேட்க மாட்டேன். நீங்க வேணும். எங்க பக்கத்துல வாங்க. அது போதும்."

பதில் ஒன்றும் வரவில்லை. குக்கர் விசில் அடித்தது. எழுந்து வேலையைப் பார்த்தேன். கண்ணீர் இல்லை, மெய்சிலிர்ப்பு இல்லை. ஆனாலும் நான் விடுவதாக இல்லை. தினமும் அதே தரையில் உட்கார்ந்தேன். கடையில் நடந்ததைச் சொன்னேன். கால் வலியைச் சொன்னேன். ஜெமி சிரித்ததைச் சொன்னேன். நீங்கள் வராவிட்டாலும் நான் எழுந்து போக மாட்டேன் என்பதுதான் என் பிடிவாதம்.

ஜூலை மாதம், ஒரு ஞாயிறு மாலை. டேவிட் ஷூட்டிங்கில் இருந்தார். ஜெமியைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு சாவு ஊர்வலம் திரும்பியது. மேளம் காதைப் பிளந்தது. எங்களுக்கு மிக அருகில் பட்டாசுச் சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். ஜெமி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். பையைக் கீழே போட்டு அவளைப் பிடிப்பதற்குள் ஓடிவிட்டாள். புகை. கூட்டம். பூ வாரி இறைக்கிறார்கள். ஊர்வலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் அவள் இல்லை.

ஒவ்வொரு சந்தாக ஓடினேன். டீக்கடையில் கேட்டேன், அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்களிடம் கேட்டேன், பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். மஞ்சள் சட்டை போட்ட பெண்ணை யாரும் பார்க்கவில்லை. டேவிட்டுக்குப் போன் செய்தேன். "வரேன், வரேன்" என்று மட்டும் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் காவலர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புமாம்மா?"

"திரும்ப மாட்டா மேடம்."

"அட்ரஸ் சொல்லுமா?"

"பேச மாட்டா மேடம்."

"எது புடிக்கும் அதுக்கு?"

"தண்ணி," என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. எங்கள் ஏரியாவுக்கு ஒரு பக்கம் கால்வாய். இன்னொரு பக்கம் கடல். காவலரின் முகமும் மாறியது. வாக்கி டாக்கியில் ஏதோ சொன்னார். பிறகு வெளியே வந்து ஸ்கூட்டியை எடுத்து, "ஏறுங்க," என்றார்.

முதலில் கால்வாய்க்கரை. அங்கே இல்லை. அந்தக் கறுப்புத் தண்ணீரில் எங்காவது மஞ்சள் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். அங்கிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை நோக்கிப் போனோம். சாந்தோம் நெடுஞ்சாலையில் பஸ்களும் கார்களும் சீறிக்கொண்டு போயின. இதை எப்படித் தாண்டியிருப்பாள்? அந்தச் சிக்னலில், ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்தபடியே, வாய்விட்டுக் கத்தி ஜெபித்தேன்.

"அப்பா, இத்தனை நாளா உங்களாண்ட எதுவும் கேக்கல. இப்ப கேக்கறேன். எனக்கு இல்லன்னு சொல்லாதீங்க. அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும். நான் போற வரைக்கும் அவ பக்கத்துல உட்காருங்க."

பக்கத்து ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கவலையில்லை. அந்த நேரத்தில், இத்தனை நாளும் அடுப்படித் தரையில் கிடைக்காத ஒன்று எனக்குள் வந்தது. குரல் எதுவும் கேட்கவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் நான் தனியாக இல்லை என்று தெரிந்தது. டேவிட் பக்கத்தில் இருந்தால் எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தது.

கடற்கரையில் மீன் விற்கிற இடம் வரைக்கும் போய் இறங்கினோம். மணலில் ஓடினேன். அலைக்குக் கொஞ்சம் இப்பால் மஞ்சள் சட்டை தெரிந்தது. ஜெமி தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்து, தன் ராகத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், காலி அன்னக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மீன்காரம்மா உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையக் குங்குமம்.

நான் மண்டியிட்டு அழுதபோது அவர் பேசினார். "உன் பொண்ணா? அலையாண்ட நேரா போய்க்கினே இருந்துச்சும்மா. கூப்ட்டா திரும்பல. கைய புடிச்சா ஒரே கத்தல். சரின்னு வுட்டுட்டு, குறுக்கால போய் குந்திக்கினேன். அதுவும் குந்திச்சு. யாராச்சும் தேடிக்கினு வருவாங்கல்ல? அது வரைக்கும் பக்கத்துலயே குந்தலாம்னு இருந்தேன்."

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிக்னலில் நான் என்ன கேட்டேனோ, அது அப்படியே நடந்திருந்தது. அவள் தலையை யாரும் அழுத்தவில்லை. யாரும் அவளை மாற்ற முயலவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். அந்த அம்மாவின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மீன் வாடை அடிக்கும் என்று அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. போனில் இடத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரத்தில் டேவிட் வந்து சேர்ந்தார். ஜெமிக்கு இந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்துகொண்டார்.

செய்தி கேள்விப்பட்டு எங்கள் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். சபையில் வந்து சாட்சி சொல்லும்படி கேட்டார். என் மகளோடுதான் வருவேன், அவள் சத்தம் போடுவாள், எழுந்து நடப்பாள், யாரும் அவளைத் தொடக்கூடாது என்றேன். அவர் ஜெமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான்தான் அந்தக் கையை எடுத்திருக்கணும், சிஸ்டர். நீங்க எடுத்தீங்க," என்றார்.

போனேன். நான் முன்னால் போவதற்குள் ஒரு சகோதரி என் காதோடு சொன்னார்: முடிக்கும்போது, சீக்கிரமே பிள்ளை பேசும் என்று விசுவாச அறிக்கை செய்துவிடுங்கள், கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும். காப்பாற்றிய அம்மா நெற்றியில் குங்குமம் இருந்ததையும் சொல்ல வேண்டாமாம். நான் இரண்டையும் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். "என் பொண்ணு பேசுவான்னு இங்க நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அவ பேசினாலும் பேசலைன்னாலும் ஆண்டவர் அவ பக்கத்துலதான் இருக்காரு," என்றேன். அந்த மீன்காரம்மாவை அவர்தான் அங்கே உட்கார வைத்தார் என்றும் சொன்னேன். சிலர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. ஜெமி மேடைக்குப் பக்கத்தில் நின்று ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக் கைகளை உதறிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எந்த ஞாயிறும் தவறியதில்லை. எங்கள் வரிசையிலிருந்து எழுந்து வேறு இடத்துக்குப் போன குடும்பமும் உண்டு. போகட்டும். டேவிட் இப்போது ஷூட்டிங் இல்லாத ஞாயிறுகளில் எங்களோடு வருகிறார். காலையில் அடுப்படித் தரையில் உட்காருவதை நான் விடவில்லை. கேட்க ஒன்றும் இல்லாத நாளிலும் உட்காருகிறேன். சில நாள் அவர் நெருக்கமாகத் தெரிகிறார், சில நாள் தெரியவில்லை. தெரியாத நாளிலும் அவர் இருக்கிறார் என்பதை இனி யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்டவருக்கே மகிமை.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப் போன்ற தாய்மார் இருப்பீர்கள். உன் விசுவாசம் போதாது என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே அவரிடம் போங்கள், அவர் தாங்கிக்கொள்வார். ஆலயத்தின் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளாதீர்கள். அது அவருடைய வீடு. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து முன்னால் உட்காருங்கள். பிள்ளை சத்தம் போட்டால் போடட்டும்.