ஜொஹ்ரா பெயரிலான குழாய்

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் வஸீலாவுக்கு நான் வண்டி ஓட்டத் தொடங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. குர்பா கடற்கரையில் அவள் சோதிக்காத கிணறு குறைவு. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது வெளியேறிய பிறகுதான் புட்டியை நீட்டுவாள். நான் அவசரப்படுத்தினால், "லஸ்ஹர், உனக்குப் பசிச்சா போய்ச் சாப்பிடு. கிணத்துக்குப் பசிக்கலை" என்பாள்.

அவள் சொன்னது பொய்த்து நான் பார்த்ததில்லை. அதற்காக ஊர் அவளைக் கொண்டாடியது என்று நினைக்க வேண்டாம். கடல் உப்பு ஏறிய கிணற்றுக்காரர்களிடம் ஸ்ட்ராபெரி வேண்டாம், உப்பைத் தாங்கும் பீட்ரூட் போடு என்று சொல்லிச் சொல்லி, 'பீட்ரூட் அம்மா' என்ற பட்டம்தான் மிச்சம்.

நாலு வருடத்துக்கு முன் ஹாஜ் புபக்கர் தன் மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றைப் பார்க்க அழைத்தார். மனைவி ஜொஹ்ரா இறந்ததும், அந்தக் கிணற்றிலிருந்து சுவருக்கு வெளியே ஒரு குழாய் வைத்திருந்தார். குடிக்கிறவர்கள் அவளுக்காக இறைவனிடம் கேட்பார்கள்; அந்த நன்மை இறந்தவளுக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. வீட்டுக் குழாய்த் தண்ணீர் கரிக்கும் ஊரில் அதற்கு எப்போதும் வரிசைதான்.

உப்பளக்கும் கருவி நல்ல எண் காட்டியது. "என் நாக்கு சொன்னதைத்தான் உன் மிஷினும் சொல்லுது" என்று ஹாஜ் மீசையைத் தடவினார்.

"நாக்குக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு" என்று வஸீலா இன்னொரு காகிதப் பட்டையை நனைத்தாள். அது கருஞ்சிவப்பானது. நைட்ரேட், குடிநீருக்கு உள்ள வரம்பைப் போல் மூன்று பங்கு.

அவள் நேரே குழாயடிக்குப் போனாள். பக்கத்து வீட்டு நஜெட், இரண்டு மாதக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கேன் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பால் பவுடர் இதுலதான் கலக்குறியா?"

"நல்லா கொதிக்க வெச்சுத்தான் அக்கா. ரெண்டு தடவை."

"கொதிக்கக் கொதிக்க தண்ணிதான் ஆவியாப் போகும். இது போகாது, இன்னும் கெட்டியாகும். இன்னிக்கே நிறுத்து, புட்டித் தண்ணி வாங்கு. குழந்தை உதடு நீலமாத் தெரிஞ்சா ஒரு நிமிஷம் நிக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு."

நஜெட் பதறிக் குழந்தையை முன்னால் இழுத்து உதட்டைப் பார்த்தாள். நல்லவேளை, சிவப்பாகவே இருந்தது.

ஹாஜ் கொதித்துவிட்டார். "ஆறு வருஷமா ஊரே குடிக்குது, ஒருத்தன் செத்தானா? என் பொண்டாட்டி பேர்ல விஷம் ஊத்தினேன்னு சொல்றியா?"

"விஷம்னு சொல்லலை. பச்சைக் குழந்தைக்கு ஆகாது, கர்ப்பிணிக்கு ஆகாது. மிளகாய்க்கு நீங்க அள்ளிப் போட்ட உரம்தான் கீழே இறங்கிக் கிணத்துக்கு வந்திருக்கு."

"மூடினா அவளுக்குப் போற நன்மை நின்னுபோகுமே, மகளே."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு, கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. வஸீலா அசையவில்லை.

"மனுஷனுக்கு ஆகாத இதே தண்ணி மரத்துக்கு அமுதம், ஹாஜ். உரமே வேண்டாம், பழ மரம் வைங்க. பழத்தை ஊர்ப் பிள்ளைங்க தின்னாலும் குருவி தின்னாலும் நன்மை ஜொஹ்ராம்மா கணக்குலதானே சேரும்?"

அவர் ஸ்பேனரை எடுத்துவந்து குழாயைத் தன் கையாலேயே இறுக்கினார். பிறகு எங்களைப் போகச் சொன்னார். அதன்பின் சந்தையில் பார்த்தால்கூட முகம் திருப்பிக்கொள்வார். வஸீலாவுக்கு அது வலித்தது, எனக்குத் தெரியும்.

போன மே மாதம் அந்த வழியாகப் போனோம். சுவர் ஓரத்தில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். நஜெட்டின் மகள், அன்று முதுகில் இருந்த குழந்தை. உதடு கருநீலம்.

"நிறுத்து" என்றாள் வஸீலா. வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினாள். இத்தனை வருடத்தில் அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். குழந்தையின் உதட்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள். விரலில் சாறு ஒட்டியது.

அண்ணாந்து பார்த்தோம். சுவர் நெடுக மல்பெரி மரங்கள், கிளை தாழக் கறுத்த பழங்கள். பழைய குழாயிலிருந்து ஒவ்வொரு மரத்தடிக்கும் ரப்பர் குழாய் போயிருந்தது.

சுவருக்கு உள்ளேயிருந்து ஹாஜின் குரல் வந்தது.

"பறிச்சுத் தின்னு, பீட்ரூட் அம்மா. தின்னுட்டு ஜொஹ்ராவுக்காக ஒரு வார்த்தை கேளு."