அப்பா தூங்கிய கடற்கரை

குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சிணுங்கல் வரும். அது கேட்டதும் அம்மா எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்து, கரண்டிக் காம்பால் வெயிட்டை லேசாகத் தூக்கிப் பிடிப்பாள். விசில் வராது, 'புஸ்ஸ்ஸ்' என்று ஆவி மட்டும் போய் வீடெல்லாம் பருப்பு வாசனை அடிக்கும். அப்பா நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிறார் என்பதுதான் அத்தனைக்கும் காரணம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில், வல்லக்கோட்டையில் எங்கள் தெருவிலிருந்து முதலில் வேலைக்குப் போனவர் அவர். நானும் தம்பி கார்த்தியும் முடியைப் பிடித்து அடித்துக்கொள்வதைக்கூடச் சத்தமில்லாமல்தான் செய்வோம். உதட்டில் விரல் வைத்தால் 'மூச்சு வுடாதே' என்று அர்த்தம். அ, ஆவுக்கு முன்னால் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் அது.

எனக்கு ஒன்பது வயதான அந்த மே மாத லீவில்தான், இரண்டு வருடமாக நான் அரித்துப் பிடுங்கியதன் பலனாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதென்று முடிவானது. சனிக்கிழமை ராத்திரி அப்பாவுக்கு ஷிப்ட். விடிந்ததும் புளிச்சோற்றுத் தூக்கோடு ஒரகடம் கூட்டுரோட்டில் நாங்கள் காத்திருக்க, கம்பெனி பஸ்ஸிலிருந்து யூனிஃபார்மும் இரும்பு மூக்கு வைத்த கம்பெனி ஷூவுமாக இறங்கி வந்தார். "ஓ.டி.க்கு நில்லுன்னான் சூப்பர்வைசரு. புள்ளைங்கள கடலாண்ட இட்டுகினு போறேன், முடியாதுன்ட்டேன்" என்று அவர் சொன்ன மிடுக்கைப் பார்த்தால் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டு வந்தவர் என்று தோன்றும். அப்புறம் செங்கல்பட்டு வரை ஒரு பஸ், மாமல்லபுரம் வரை ஒரு பஸ், இரண்டிலும் வாயைத் திறந்தபடி தூங்கினார்.

மணலில் கால் வைத்ததும் அம்மா எங்கள் இரண்டு பேர் காதையும் பிடித்துச் சட்டம் போட்டாள். "அப்பா கையப் புடிக்காம தண்ணில கால வெச்சீங்க, அவ்ளோதான். வல்லக்கோட்டை முருகன் மேல ஆணை." எங்கள் ஊர் முருகன் மேல் ஆணை என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. அப்பா ஒரு படகின் நிழலில் பெட்ஷீட்டை விரித்து, ஷூவைக் கழற்றித் தலைமாட்டில் வைத்து, "அஞ்சே நிமிசம் கண்ண மூடிக்கிறேன், அப்புறம் எறங்கலாம்" என்று சாய்ந்தார். அந்த ஐந்து நிமிடம் மத்தியானச் சோறு தாண்டியும் முடியவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரே தண்ணீரில் குதித்துக் கூத்தடிக்கிறது, நாங்கள் மட்டும் பத்தடி தள்ளி உட்கார்ந்து ஜாடையில் பேசிக்கொண்டிருக்கிறோம்! மாங்காய்ப் பத்தை விற்கிற பெண் கூவிக்கொண்டே வந்தபோது அம்மா பதறி எழுந்து, "யக்கா, கொஞ்சம் மெதுவா கூவு, எங்கூட்டுக்காரரு நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கிகினு கீறாரு" என்றாள். அவள் இடுப்பில் கூடையோடு நின்று அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "அத அந்தக் கடலாண்ட போயி சொல்லும்மா. காலைலேர்ந்து அதுதான் வுடாம கத்திகினு கீது." சொன்னாளே தவிர, எங்கள் காதுக்குள் குனிந்து, "மாங்கா, மாங்கா" என்று கிசுகிசுத்துத்தான் விற்றாள், மகராசி.

உச்சி வெயிலில் நிழல் சுருங்கியபோது அம்மா முந்தானையைக் கூரையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் சாய்ந்ததும் நிழல் படகுக்கு மறுபக்கம், கடலைப் பார்த்து நீளத் தொடங்கியது. "புடிங்க, மெதுவா இழுங்க" என்றாள். மூன்று பேருமாகப் பெட்ஷீட்டின் முனைகளைப் பிடித்து, அப்பாவின் குறட்டை அறுந்துவிடாமல் நிழலுக்கு இழுத்துப் போட்டோம். அரைமணி கழித்து நிழல் இன்னும் கொஞ்சம் நகர, நாங்களும் இழுத்தோம். நாலரைக்குக் கடைசியாக ஒரு பஸ்; அதை விட்டால் செங்கல்பட்டில் ஊருக்குப் போகும் பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொள்வோம். ஆனால் அப்பா கடலுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டே இருக்கிறார், கடலும் எங்கள் பக்கம் வந்துகொண்டே இருக்கிறது என்பதை நான் கவனித்துவிட்டேன். அதன் பிறகு இழுப்பதில் எனக்கு வந்த சுறுசுறுப்பைப் பார்த்து அம்மாவே அசந்துபோனாள்.

மணி நாலைத் தொட்டது. அம்மா குனிந்து தூக்கைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மற்றதைவிடப் பெரிதாக ஒரு அலை கிளம்பியது. கார்த்தி அதைப் பார்த்துவிட்டுக் கத்தப் போனான். நான் அவனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். நல்லபடி வளர்ந்த பிள்ளை, கப்பென்று வாயை மூடிக்கொண்டான்.

அலை அப்பாவின் இடுப்பு வரை ஏறியது. "ஐயோ, மணி இன்னா? பஸ்ஸு பூட்ச்சா?" என்று துள்ளி எழுந்து, ஷூவைத் தேடி நாலாபக்கமும் மணலைத் தடவினார். பிறகு கடலைப் பார்த்தார், சொட்டு ஈரமில்லாத எங்கள் துணிகளைப் பார்த்தார். "காலைலேர்ந்து எறங்கவே இல்லியா நீங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பேன்ட்டைக்கூட மடிக்காமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். பத்தே நிமிடம்தான். முழங்கால் தண்ணீரில் நின்ற அம்மா அலை அடித்ததும், "ஐயோ முருகா!" என்று கத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பகல் நேரத்தில் அம்மா அப்படிச் சிரித்து நான் அதுவரை கேட்டதே இல்லை.

இப்போது அந்தக் கரையில் மரப்படகுகள் இல்லை, எல்லாம் ஃபைபர். எங்கள் வீட்டுக் கரண்ட் குக்கருக்கு விசிலே கிடையாது. ரிட்டயர் ஆன அப்பாவிடம் தூக்கம் என்ற ஒன்றே இல்லை. ராத்திரியில்கூட ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். நைட் ஷிப்டுக்கு இப்போது நான் போகிறேன், ஒரகடத்தில்.

போன மாதம் எல்லோருமாக மறுபடி அந்தக் கடற்கரைக்குப் போனோம். ஷிப்ட் முடித்து நேராக வந்தவள், படகு நிழலில், "அஞ்சே நிமிஷம்" என்று என் மகளிடம் சொன்னது மட்டும்தான் நினைவிருக்கிறது. விழிப்புத் தட்டி அரைக்கண்ணைத் திறந்தபோது, படுத்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, கடலோரமாகக் கிடந்தேன். பெட்ஷீட்டின் ஒரு முனை அப்பாவின் கையில் இருந்தது. சொட்டு ஈரமில்லாத உடுப்போடு உட்கார்ந்திருந்த மகள், பெரிதாக வந்துகொண்டிருந்த ஒரு அலையைப் பார்த்து வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.