கை தூக்கினால் நிற்கும்

யார் வீட்டு வேலையானாலும், சுவரில் துளை போடுமுன் டிரில்லரைக் காற்றில் ஒருமுறை ஓடவிடுவார் தச்சர். தூங்குகிற குழந்தை, பயந்த சுபாவமுள்ள நாய், எல்லாருக்கும் சேர்த்து ஓர் அறிவிப்பு. "சொல்லாமக் கொள்ளாம மெஷின ஓட்டுறவனுக்கும் வழிப்பறி பண்றவனுக்கும் என்னய்யா வித்தியாசம்?" என்பார். தொழில்வட்டத்தில் அவர் பெயர் 'அரைமில்லி'. அலமாரிக் கதவு அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் கழற்றிப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டுக்காரர் பரவாயில்லை என்றால் முறைப்பார்.

ஐந்து வயது மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. முதன்முதலாகப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

"வலிக்குமாப்பா?"

"சுருக்குங்கும். தாங்க முடியலைன்னா கையத் தூக்கு. மெஷின் நின்னுடும்."

"நிக்கலைன்னா?"

"அப்புறம் அப்பா எதுக்கு இருக்கேன்?"

உள்ளே போனதும் நர்ஸ், "நீங்க வெளில இருங்க. அப்பா இருந்தாத்தான் அழுவா" என்றார்.

"அழட்டும்மா. அழுறப்போ பக்கத்துல இல்லாம வேற எப்ப இருக்கறது?" அவர் நகர்ந்தது சுவரோரம் வரைதான்.

டாக்டர் குனிந்தார். "வலிக்கவே வலிக்காது கண்ணு."

"அத மட்டும் சொல்லாதீங்க சார். பொய்னு தெரிஞ்சா அடுத்த தடவ வாயத் திறக்க மாட்டா. நானும் திறக்கச் சொல்ல மாட்டேன்."

"பேசாம நீங்களே பாத்துருங்களேன். நான் வெளில உக்காந்துக்கறேன்."

"உங்க மெஷின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சார்?"

"மூணு லட்சம்."

தச்சர் மலைத்துப்போனார். "பாத்தியாடா? அப்பாவோடது வெறும் மூவாயிரம்!" மகள் சிரித்தாள். திறந்த வாயை டாக்டர் விடவில்லை.

முதல்முறை கை உயர்ந்தது. டாக்டர் நிறுத்தினார். இரண்டாம் முறையும் நிறுத்தினார். மூன்றாம் முறை, "அவ்ளோதான் தங்கம், முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். உயர்ந்த கையை அமுக்கிப் பிடிக்க நர்ஸ் நெருங்கினார்.

சட்டென்று மெஷின் அடங்கியது. தலைக்கு மேலிருந்த விளக்கும் அணைந்தது. சுவர் ஸ்விட்சில் தச்சரின் விரல்.

"என்னங்க இது? வெளில பத்துப் பேர் காத்திருக்காங்க!"

"இருக்கட்டும் சார். அவ கை இன்னும் மேலதான் இருக்கு."

மகள் ஒரு கையைத் தூக்கியபடியே எச்சிலைத் துப்பினாள், கொப்பளித்தாள், அப்பாவைப் பார்த்தாள். நிதானமாகக் கையை இறக்கி, தானாகவே வாயை அகலத் திறந்தாள்.

அதன்பிறகே தச்சர் ஸ்விட்சைப் போட்டார். விரலை எடுக்கவில்லை.